பூட்டிக்கொண்ட முழங்கால்

வரலட்சுமி காலடிப்பேட்டைக்காரி. திருவொற்றியூரில் ஒரு பாட்டில் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை. 1976-இல் பெட்டி அடுக்கின் மேலிருந்து விழுந்ததில் முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவள் காலிலிருந்தே நார் எடுத்துப் புது ஜவ்வு கட்டினார்கள்.

எட்டு மாதமாகியும் கால் சரியாகவில்லை. உட்கார்ந்து எழும்போது திடீரென்று மடங்கியபடியே நின்றுவிடும், நீட்ட வராது.

கம்பெனி டாக்டர் லியோனார்ட் மூன்றாவது தடவையாக எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"எலும்பு நல்லா இருக்கு. உனக்குத்தான் வேலைக்கு வர மனசில்ல."

"மன்சா? இத்த பாருங்கோ."

அவர் மேஜைக்கு முன்னாலேயே குந்தி உட்கார்ந்து இடுப்பைத் திருப்பினாள். முழங்காலுக்குள் 'டக்'கென்றது. வலியில் கண் இருண்டது.

"பூட்டிக்கிச்சி. ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, நீட்டி வுடுங்கோ."

அவர் குனிந்து இழுத்துப் பார்த்தார். கால் அசையவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டு அவளை வெளியே தூக்கிப்போகச் சொன்னார்.

"எவனாச்சும் மேல கை வெச்சீங்க, அவ்ளோதான்! ஆபரேசன் பண்ண டாக்டருக்கு லெட்டர் எழுதிக் குடுங்கோ. அதுவரைக்கும் இங்கியேதான் கீறேன்."

வாசலில் வேலைக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். அரைமணி நேரம் கழித்து லியோனார்ட் லெட்டரை எழுதிக் கொடுத்தார். உடன் வேலை செய்யும் ராஜாத்தியும் மற்றவர்களும் வரலட்சுமியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் ராமசுப்பு முழங்காலுக்குள் மருந்தும் காற்றும் ஏற்றி, காலைத் திருப்பித் திருப்பிப் படமெடுத்தார். அவரும் ஒன்றுமில்லை என்றுவிடுவாரோ என்று அவள் அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

"நாங்க கட்டின ஜவ்வு உறுதியா இருக்கும்மா. உள்ளே குருத்தெலும்பு கிழிஞ்சு, மடிஞ்சு சிக்கிக்குது. சாதா எக்ஸ்ரேயில அது தெரியாது. ஆபரேஷன் அன்னைக்கே நான் கவனிச்சிருக்கணும்."

அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

கிழிந்த துண்டை எடுத்த மூன்றாம் மாதம் மறுபடி லியோனார்ட் முன்னால் நின்றாள். அவர் ராமசுப்பு எடுத்த படத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"லேசான வேலையா பெருக்கறதுக்குப் போறியா?"

"பெருக்கறதுக்கா? பெட்டி அடுக்கற எடம் என்னுது டாக்டர். பழைய வேலைக்கேன்னு எழுதுங்கோ."

எழுதினார். அவள் நகரவில்லை. தாளைக் கூட வந்திருந்த ராஜாத்தியிடம் நீட்டினாள்.

"சத்தமா படி. வெளியே இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."