இடப்பக்கக் குழாய்

பாலக்கரையில் அப்துல் சலாமின் பட்டறை வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் மல்லாந்து படுத்திருந்தான் மருதை. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய பிக்கப் அது. சைலன்சர் துருவேறிப்போய், முதல்நாள் காவிரிப் பாலத்தின் மேல் பாதி கழன்று விழுந்துவிட்டது. மீதிப் பாதியை உளி வைத்துத் தட்டத் தட்ட, துரு அவன் முகத்தில் கொட்டியது.

வண்டிக்குச் சொந்தக்காரர் வெள்ளைச்சாமி. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ மண்டி வைத்திருப்பவர். ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, பட்டறை ஸ்டூலில் வேட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பாய், பூ பக்கம் புகை போகப்படாது. எனக்கு அதுதான் வேணும். போன வாரம் மாலை கட்டுற ஸ்ரீரங்கராஜ ஐயங்கார் ரெண்டு கூடையைத் திருப்பி அனுப்பிட்டார். பெருமாளுக்குச் சாத்தற புஷ்பத்துல பெட்ரோல் நாத்தம் வரலாமான்னு நடு வீதியில நின்னு கேக்கறார். மானம் போச்சு.”

சலாம் சாக்கட்டியால் தரையில் மூன்று கோடு இழுத்தார்.

“பழையபடி பின்னால கொண்டுபோய் விட்டா, ஓடுற வேகத்துல புகை சுருண்டு தார்ப்பாய்க்குள்ளதான் ஏறும். அதை விடுங்க. கேபின் ஓரமா மேல ஏத்தி, கூரைக்கு மேல ஒரு முழம் நீட்டிட்டா யாருக்கும் தொந்தரவில்ல. ஆனா அந்த வளைவுக் குழாய் மெட்ராஸ்லேருந்து வரணும். பத்து நாளாகும்.”

“பத்து நாளா! நாளன்னிக்கு மார்கழி பொறக்குது, பாய். பூவெல்லாம் செடியிலயே காயறதா? அதுவும் கொம்பு மொளைச்சாப்பல அதைத் தூக்கிக்கிட்டு சித்திரை வீதியில போனா சிரிக்க மாட்டானா?”

“அப்ப மூணாவதுதான். குழாயைக் குட்டையா வெட்டி, இடப்பக்கக் கதவுக்குக் கீழயே விட்டுடலாம். ஒரு மணி நேர வேலை. பூவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா...” சலாம் கேபின் கதவைத் திறந்து, தரைத் தகட்டில் துரு தின்ற ஓட்டைகளைக் காட்டினார். “இது வழியா ஏறும்.”

வெள்ளைச்சாமி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். “நீ என்ன சொல்றே மருதை? ஓட்டுறவன் நீ.”

ஒன்பது வருஷத்தில் முதலாளி அவனிடம் யோசனை கேட்டதில்லை. மருதை வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். தரையிலிருந்த கோடுகளைப் பார்த்தான். முதலாளியின் முகத்தையும் பார்த்தான்.

“குட்டையே போதுங்க. ஓட்டையில சாக்கை வச்சு அடைச்சுக்கறேன்.”

“சாக்கு என்னத்தைத் தடுக்கும்?” என்றார் சலாம். பிறகு ரம்பத்தை எடுத்தார்.

கேபினில் அந்த இடப்பக்க சீட்டு மருதையின் மனைவி பவுனம்மாளுடையது. தென்னூரிலிருந்து விடியலில் இருவரும் கிளம்புவார்கள். எட்டரை கிராமத்துத் தோட்டத்தில் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் கூடை கூடையாக எண்ணி ஏற்றுவதும், மண்டியில் இறக்குவதும் அவள் வேலை. பூவோடு ஆள் உட்காரக் கூடாது என்பது மண்டியின் சட்டம்.

மார்கழி மூன்றாம் நாள் அவளுக்குத் தலை வலித்தது. பனி என்றாள். ஐந்தாம் நாள் மண்டியில் இறங்கினதும் சாக்கடை ஓரம் குத்துக்காலிட்டு வாந்தி எடுத்தாள். மறுநாள் எட்டரையில் கூடையைத் தூக்கும்போதே கண் இருட்டியது. பூப் பறிக்கும் காளியாயிதான் தாங்கிப் பிடித்தாள்.

“என்ன பவுனக்கா, புளி மாங்கா கொண்டாரவா?”

“போடி. பதிமூணு வருஷமா இல்லாதது...”

“கூட்டமா இருந்தா பஸ்ஸு லேட்டாத்தான் வரும்க்கா. டிரைவரண்ணன் மூஞ்சியப் பாருங்கடி, செவக்குது!”

பறிக்கிற பெண்களெல்லாம் சிரித்தார்கள். பவுனம்மாள் சிரிக்கவில்லை. விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். நாள் தள்ளி மூன்று நாள் ஆகியிருந்தது.

“இங்க பாருங்க,” என்றாள் வண்டியில். “யாருகிட்டயும் வாயைத் தொறக்காதீங்க. மூணு மாசம் ஆவட்டும்.”

அன்றிலிருந்து மருதை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கியரை மாற்றி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஓட்டினான். அவன் பக்கத்துக் கதவில் கண்ணாடி உடைந்து வருஷக்கணக்காகிறது. ஊதல் காற்று நேரே அவன் மேல் அடிக்கும். அவள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும், வயிற்றில் இருப்பதற்குக் குளிரக் கூடாதென்று, ஏற்றி இறுக்கி வைத்தான்.

நடுவில் ஒருநாள் டைனமோ கெட்டு வண்டி ஓடவில்லை. அன்று அவளுக்கு வாந்தி இல்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். “சமத்துங்க. அம்மாவுக்கு லீவுன்னா அதுவும் லீவு எடுத்துக்குது,” என்றாள்.

மார்கழி இருபதாம் நாள். எட்டரையிலிருந்து வரும் வழியில் மருதை பேசிக்கொண்டே வந்தான். “பொண்ணாப் பொறந்தா ரங்கநாயகின்னு வப்போம். என்ன சொல்றே?” பதில் இல்லை. அசதியில் தூங்குகிறாள் என்று மெதுவாக ஓட்டினான். புத்தூர் நால்ரோட்டில் திரும்பும்போது அவள் தலை சரிந்து கியர் தடியில் மோதியது. எழவில்லை.

பூவோடு வண்டியை அப்படியே பெரியாஸ்பத்திரிக்குள் விட்டான்.

நர்ஸ் அல்போன்சா அவளைக் காற்றோட்டமான வராந்தாவில் கிடத்தச் சொன்னாள். டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், கடைசியில் குனிந்து புடவைத் தலைப்பை முகர்ந்தார்.

“கரி அடுப்பை உள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டீங்களா?”

“இல்லீங்க. வண்டியிலதான் வந்தோம்.”

“எதுல வந்தா என்ன, இது புகை. இன்னும் அரைமணி போயிருந்தா இங்க கொண்டுவந்து பிரயோஜனம் இல்ல.”

“டாக்டரம்மா, அவ முழுகாம இருக்கா. பார்த்துச் செய்யுங்க.”

டாக்டரம்மா அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து மறுபடி சோதித்தார். வெளியே வந்து சொன்னது அல்போன்சாதான். “அப்படி ஒண்ணும் இல்லேங்க. நல்லாப் பார்த்துட்டாங்க. ஒடம்பு கெட்டதுல நாள் தள்ளிப் போயிருக்கு.”

பதினோரு மணிக்கு மேல் பவுனம்மாள் கண் விழித்தாள். அவளிடமும் அல்போன்சாவே சொல்லியிருந்தாள்.

“அப்ப இத்தனை நாளும் வந்தது?”

“புகைதான்,” என்றான் மருதை. “இடப்பக்கத்துக் குழாய்.”

அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கையை வயிற்றிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“யாருங்க அதை அங்க வைக்கச் சொன்னது?”

மருதை தோளிலிருந்த துண்டை உதறினான். மறுபடி மடித்தான்.

“முதலாளி,” என்றான்.

பூ மண்டிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வெள்ளைச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. “உசுரு பொழைச்சுதே, அது போதும்,” என்றார்.

“அந்த மெட்ராஸ் குழாய்க்குச் சொல்லிடலாங்க.”

“சொல்லலாம், சொல்லலாம். தை பொறக்கட்டும். ஏகாதசி வருது, இப்பப் போய் வண்டியை நிறுத்த முடியுமா? பூ இப்பத்தான் பூவா வருதுன்னு ஐயங்கார் நேத்துத்தான் வாய்விட்டுச் சொன்னார்.” தராசுத் தட்டைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். “நீதானேப்பா அன்னிக்குக் குட்டையே போதும்னே?”

மருதை திரும்பி அடுத்த கூடையை இறக்கினான்.

“பவுனம்மா வீட்டோட கெடக்கட்டும், பாவம். எட்டரையில அந்தக் காளியாயியை ஏத்திக்க.”

மறுநாள் எட்டரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடைகள் ஏறினதும் மருதை தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினான். எங்கும் சந்து இல்லையே என்று சுற்றி வந்து தடவிப் பார்த்தான். காளியாயி பம்புசெட்டில் காலைக் கழுவிக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, ஈரக்காலோடு முன்னால் ஏறினாள். மோட்டாரில் முன்சீட்டு அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“கண்ணாடியை எறக்கி வச்சுக்க.”

“வெறைக்குதுண்ணே.”

“தலை கிலை சுத்துனா உடனே சொல்லு.”

“எனக்கு ஏண்ணே சுத்தப்போவுது? ஒக்காந்து போறதுக்குக் கூலி குடுக்கற வேலை ஊருல வேற எவளுக்குக் கெடைக்கும்!”

அவன் மேலே சொல்ல வாயெடுத்தான். மண்டி திறக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினான். வண்டி உறுமிக் குலுங்கி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் காளியாயி குனிந்து கீழே பார்த்தாள்.

“அட, இங்க அடியில கணகணன்னு இருக்குண்ணே,” என்று சொல்லிவிட்டு, ஈரம் காயாத இரண்டு பாதங்களையும் அந்த இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.