ஒரு வீட்டுக்கு எத்தனை பிளேடு

ரிஸ்பா அலோ தன் பையிலிருந்து இரண்டு பாக்கெட் பிளேடை எடுத்துப் பாயின் மேல் வைத்ததும் துக்க வீட்டு முற்றத்தில் பேச்சு நின்றுபோனது. இத்தனை வருஷத்தில் எந்தத் துக்க வீட்டுக்கும் அவள் ஒரு பிளேடுக்கு மேல் கொண்டுபோனதில்லை.

ஒகாடாவைப் புதைத்து அன்றைக்கு நாலாம் நாள். நாலாம் நாள் காலையில், வெயில் கூரைக்கு மேல் ஏறுவதற்குள், செத்தவருடைய வீட்டார் வயது வரிசையில் வந்து உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அது முடியாமல் யாரும் ஏரிக்கு வலை தூக்கிக்கொண்டு போக முடியாது, நிலத்தில் மண்வெட்டியை இறக்க முடியாது, தூரத்துப் பட்டணத்திலிருந்து வந்தவர்கள் பஸ் ஏற முடியாது. மூத்தவர் தலை ஆகாமல் இளையவர் தலையில் கை வைத்தால் அது பெரிய குற்றம். மழிக்கிறவளும் யாரோ ஒருத்தியாக இருக்கக் கூடாது, பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய விதவையாக இருக்க வேண்டும். ஏரிக்கரையில் ஏழெட்டு ஊருக்கு அந்த வேலைக்கு ரிஸ்பா ஒருத்திதான். படகுத்துறையில் வேலை பார்த்த அவள் புருஷன் விட்டுப்போன சொத்து ஒரு கனத்த சேஃப்டி ரேசர். அதைக் கொண்டுதான் அவள் ஊரில் ஒரு ஆளாக நடமாடினாள். ரேசரோடு வருகிறாள் என்றால் எந்தப் பெரிய மனிதனும் எழுந்து ஸ்டூல் போடுவான்.

“என்ன இது, கடை விரிக்கிறியா?” என்றார் நியாண்டிகா. செத்துப்போன ஒகாடாவின் அண்ணன். வீட்டில் இப்போது அவர் வைத்ததுதான் சட்டம். முதல் தலையும் அவருடையதுதான்.

“தலைக்கு ஒரு பிளேடு, பெரியவரே. பதினாலு தலை இருக்கு. மிச்சம் நான் எடுத்துட்டுப் போயிடுவேன்.”

“எதுக்கு?”

எதற்கு என்று சொல்ல ரிஸ்பாவிடம் காரணம் இருந்தது. முழுசாகச் சொன்னால் நாளையிலிருந்து அவளை ஒரு வீடும் கூப்பிடாது, அதுதான் சங்கடம்.

போன வருஷம் மழைக்காலத்தில் கரையோரத்து வீடு ஒன்றில் ஒன்பது தலை மழித்தாள். ஒரே பிளேடு, வழக்கம் போல. ஆறாவது தலைக்கு வரும்போதே பிளேடு இழுத்தது. அவள் அழுத்திப் பிடித்தாள். ஒருவன் காதுக்கு மேல் கீறிவிட்டது, துடைக்கப் போன அவள் கட்டைவிரலும் கீறிக்கொண்டது. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து அடுத்த தலைக்குப் போனாள். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் நாலு பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கடைசியாக உட்கார்ந்த சின்ன மருமகள், வயிற்றுப் பிள்ளையோடு, செத்துப்போனாள். அவளுக்காக அந்த வீட்டார் மறுபடி மொட்டை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மழிக்கப் போனதும் ரிஸ்பாதான். கொண்டுபோனதும் ஒரே பிளேடுதான்.

அப்புறம் பயந்துபோய் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் சொன்னாள்: “உங்க ரத்தத்திலயும் அந்தக் காமாலை இருக்கும்மா. வெளிய தெரியாது, ஆனா இருக்கு. அந்த வீட்டுக்கு உங்களால வந்துச்சா, உங்களுக்கு அவங்களால வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. பிளேடை மாத்தியிருந்தா யாருக்கும் வந்திருக்காதுங்கிறதை மட்டும் சொல்ல முடியும்.”

ரிஸ்பா இதை யாரிடமும் சொல்லவில்லை. ரேசரைத் துணியில் சுற்றி ஆறு மாதம் பெட்டியில் வைத்திருந்தாள். அந்த ஆறு மாதமும் ஏரிக்கரையில் யாரும் சாகாமல் இருந்தது அவள் பாக்கியம். இப்போது ஒகாடா செத்துவிட்டார், ஆள் வந்து கூப்பிட்டாகிவிட்டது. வருகிற வழியில் சந்தையில் நின்று பிளேடு வாங்கினாள். வாங்கும்போதே அவளுக்குத் தெரியும், இன்றைக்குச் சண்டைதான்.

“பிளேடு மழுங்கிடுது, பெரியவரே. மழுங்கினா கீறுது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் தலைக்குப் போகுது. அதுல நோய் போகுது” என்றாள். பாதியைத்தான் சொன்னாள்.

“மழுங்குதா? நான் ஒரே பிளேடை ரெண்டு மாசம் போட்டு ஷேவ் பண்றேன். கண்ணாடி டம்ளருக்குள்ள விட்டு நாலு தேய் தேச்சா புதுசு மாதிரி ஆயிடும்.”

வேலியோரம் உட்கார்ந்திருந்த பங்காளிக் கிழவர் ஒருவர் வாய் சும்மா இல்லாதவர். “அதான் உன் கன்னம் உரிச்ச கோழி மாதிரி இருக்கா?” என்றார். “வாரத்துக்கு ஒண்ணு மாத்துறேன் நான். முகத்துக்கு அது போதும்.”

“நீ வாரத்துக்கு ஒரு தடவைதானே மூஞ்சியே கழுவுற” என்றார் நியாண்டிகா. துக்க வீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு இன்னொருவர் மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் மூன்று மாதம் வரும் என்றார். உலகத்தில் தாடி முளைத்த எல்லா ஆணுக்கும் இந்த விஷயத்தில் ஒரு கொள்கை உண்டு. அத்தனை கொள்கையும் அவனவன் மூஞ்சிக்குத்தான் என்பது மட்டும் எவனுக்கும் உறைப்பதில்லை.

“உங்க மூஞ்சியில நீங்க ஒரே பிளேடை ஒரு வருஷம் போடுங்க” என்றாள் ரிஸ்பா. “ஒருத்தர் தலையிலேர்ந்து இன்னொருத்தர் தலைக்குப் போறதுதான் என் பேச்சு.”

நியாண்டிகா சிரிப்பை நிறுத்தினார். “இங்க பாரு. இது ஒரு வீடு. ஒரு ரத்தம். ஒரே பிளேடு எல்லார் தலையிலயும் ஓடினாத்தான் ஒரு வீடுன்னு அர்த்தம். என் அப்பன் செத்தப்ப அப்படித்தான், அவன் அப்பன் செத்தப்பவும் அப்படித்தான். தலைக்கு ஒண்ணு போட்டேன்னா பதினாலு பேரும் பதினாலு வீடுன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி.”

“வெந்நியில முக்கி எடுத்தாப் போதாதா?” என்று கேட்டாள் டோர்சிலா. ஒகாடாவின் மூத்த மனைவி. நாலு நாள் அழுததில் குரல் போயிருந்தது.

“முக்கினேன், அக்கா. போன தடவையும் முக்கினேன். போதலை.”

வெளிச்சம் வந்துவிட்டது. நியாண்டிகா கூரையைப் பார்த்தார். வேறு ஆளைக் கூப்பிடவும் வழியில்லை. இன்னொரு மழிப்புக்காரி இருக்கும் ஊருக்குப் போய்வர ஒரு நாளாகும், நாலாம் நாள் தவறிவிடும். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி சொன்னார்: “சரி. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ரெண்டு பிளேடு. நானும் மூத்தவ வீடும் ஒண்ணு. சின்னவ வீடு ஒண்ணு.”

அவ்வளவுதான், யூனியா எழுந்துவிட்டாள். ஒகாடாவின் இளைய மனைவி அவள். மூன்று வயதுக் கடைக்குட்டி அகெச் இடுப்பில் இருந்தது.

“அப்ப நாங்க வேற வீடா? இன்னைக்கு பிளேடு வேற, நாளைக்கு நிலம் அளக்கும்போது என்ன சொல்லுவீங்க? அன்னைக்கே உங்களுக்கு பிளேடு வேறதானே போட்டோம், எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்கன்னு கேப்பீங்க. முடியாது. என் புள்ளைங்க தலையில மூத்தவங்க தலையில ஓடின பிளேடுதான் ஓடணும். கடைசித் தலை வரைக்கும் அதே பிளேடு.”

கடைசித் தலை அகெச்சுடையது. அந்தக் குழந்தை தலையில் முன்பக்கம் படை வந்து இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது. அதன் மேல் ஈ உட்கார்ந்து எழுந்தது. யூனியா கையால் விரட்டிக்கொண்டே தன் பிள்ளைக்குப் பழைய பிளேடு கேட்டுச் சண்டை போட்டாள். ரிஸ்பா அந்தப் புண்ணையே பார்த்தாள். இந்தப் பெண்ணிடம் கோபப்படவும் முடியவில்லை. நிலத்துக்காகப் பேசுகிறாள், அதில் நியாயமும் இருக்கிறது. பதிமூன்று தலையின் அழுக்கும் ரத்தமும் அந்தப் புண்ணில் போய் இறங்கப்போவது அவளுக்குத் தெரியவில்லை.

“யூனியா, தலைக்கு ஒண்ணுன்னா யாரும் வேற இல்லையேம்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே.”

“எனக்குக் கதை சொல்லாதீங்க.”

நியாண்டிகா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆச்சு. சின்னவளே ஒரு பிளேடுதான் வேணுங்கிறா. ரேசரை எடு. எடுக்க மாட்டேன்னா அதை இங்க வச்சுட்டு வீட்டுக்குப் போ. எங்க பொம்பளைங்களுக்கும் கை இருக்கு. உன்னை இனிமே இந்த ஏரிக்கரையில எவனும் கூப்பிட மாட்டான், அதை நான் பாத்துக்கிறேன்.”

அவர் பார்த்துக்கொள்வார். அதற்கான ஆள்தான் அவர். ரேசரை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். போனால் அவள் பெயர் மட்டும் தப்பும். இவர்கள் கடையிலிருந்து ஒரு பிளேடு வாங்கிவந்து கையாலேயே பிடித்து மழிப்பார்கள், கடைசியில் குழந்தை தலையில் வந்து நிற்கும். கரையோரத்து மருமகள் நினைவுக்கு வந்தாள். மொட்டை போடும்போது கூச்சப்பட்டுச் சிரித்த பெண்.

ரிஸ்பாவுக்கு அப்போது பயம் விட்டுப்போனது. இத்தனை நாள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

உறையைப் பிரித்து ஒரு பிளேடை எடுத்து ரேசரில் போட்டு முறுக்கினாள். நியாண்டிகா தலையைக் குனிந்தார். ரிஸ்பா அவரிடம் போகவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள். தண்ணீரை அள்ளித் தன் முன்தலையில் வைத்து நனைத்தாள். ரேசரை நெற்றிக்கு மேல் வைத்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு இழுத்தாள்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டில் சாவில்லாமல் தலை மழிப்பது சாவைக் கூப்பிடுகிற காரியம். அவள் இரண்டாவது தரமும் இழுத்தாள். நரைமயிர் மடியில் விழுந்தது. ஓரிடத்தில் கீறி ரத்தம் துளிர்த்தது, அதைத் துடைக்கவில்லை.

“பைத்தியமா உனக்கு?” என்றார் நியாண்டிகா. குரல் இறங்கியிருந்தது.

“என் ரத்தத்துல காமாலை இருக்கு, பெரியவரே. ஆஸ்பத்திரியில பாத்துச் சொல்லிட்டாங்க. கரையோரத்துல அந்தச் சின்ன மருமக செத்தாளே, அவ வீட்டுல ஒன்பது தலைக்கு ஒரே பிளேடு போட்டது நான்தான். நான் கொடுத்தேனா, அவங்க எனக்குக் கொடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. சாகுற வரைக்கும் தெரியப்போறதில்ல.” ரேசரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஒரே பிளேடுதானே வேணும்? இந்தா. என் தலையில ஓடினது. வெந்நியில முக்கித் தரேன். நீங்கதான் முதல் தலை. குனிங்க.”

“நீ எங்க வீட்டு ஆளில்ல.”

“பிளேடுக்கு அது தெரியுமா? உங்க பதினாலு பேர்ல யார் ரத்தத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கே ஊசி போட்டு எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சது. வீடு ஒண்ணுன்னு காட்ட ஒரே களியைத் தின்னுங்க, ஒரே தோணியில போங்க. புள்ளை தலையில காட்டாதீங்க.”

வேலியோரக் கிழவர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். யூனியா குழந்தையின் புண்ணைப் பார்த்தாள், பிறகு ரேசரைப் பார்த்தாள், குழந்தையை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றிக்கொண்டாள்.

டோர்சிலா எழுந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தாள். “பெரியவரே, அந்த பிளேடுக்கு நீங்க தலையைக் கொடுக்கறதுன்னா கொடுங்க. இல்லேன்னா புதுசு போடச் சொல்லுங்க. ரெண்டும் இல்லேன்னா எந்திரிங்க, உங்களுக்கு முந்தி நான் உக்காந்துக்கிறேன். என் புருஷனுக்கு நேரமாகுது.”

தம்பி பெண்டாட்டி தனக்கு முன்னால் உட்காருவதை விட நியாண்டிகாவுக்குச் சாவு மேல். அவர் கூரையைப் பார்த்தார். வெயில் ஓலையின் விளிம்புக்கு வந்துவிட்டது.

“புதுசு போட்டுத் தொலை” என்றார்.

“எல்லாருக்கும்?”

“எல்லாருக்கும்தான். போடு.”

பழைய பிளேடைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டாள். கீறின இடத்தில் சாம்பலை அப்பி, தலைத்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ரேசரைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்தாள், கையைச் சோப்பால் இரண்டு முறை கழுவினாள். பதினாலு உறை பிரித்தாள். ஒவ்வொரு தலைக்கும் முன்னால் பிளேடை உயர்த்திக் காட்டினாள், புதுசுதான் என்று அவர்கள் பார்த்த பிறகே போட்டாள். யூனியா தன் முறை வந்தபோது புது பிளேடுக்கே தலையைக் குனிந்தாள். அகெச் தலையில் புண்ணைச் சுற்றி ரிஸ்பா மெல்ல மழித்தாள். குழந்தை அழவில்லை, அவள் மூக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் வழக்கமாகக் கை குலுக்குவார்கள். அன்றைக்கு யாரும் அவள் கையைத் தொடவில்லை. அவளுக்கான கஞ்சியைச் சுரைக்குடுவையில் கொண்டுவந்து எட்டத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குடுவையைப் பிறகு உடைத்துப்போடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வலித்தது. ஆனாலும் உட்கார்ந்து கடைசி மடக்கு வரை குடித்தாள். தகர டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

வாசல் தாண்டியதும் தலைக்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. துணியைப் பைக்குள் திணித்தாள். தோட்டத்துக் குறுக்குப்பாதையில் போனால் யார் கண்ணிலும் படாமல் வீடு சேரலாம். அவள் சந்தைத் தெருவழியாகவே போனாள், முன்தலை பாதி மொட்டையாகப் பளபளக்க. மீன்கடைக்காரிகள் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

“ஐயோ ரிஸ்பா, உன் வீட்டுல யாரு செத்தது?”

“யாரும் சாகலை” என்றாள் ரிஸ்பா.