பாணுக்கும் பேன், குளிக்கிறதுக்கும் பேன்

கோதுமை மாவில் சுடுகிற பாணுக்குப் பேன் என்று பேர் வைத்த மனிதர்கள்மேல் எனக்கு ஒரு நாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கலியாணமாகி இரண்டாம் மாதம், என் வீட்டுக்காரர் ஒரு கொப்பியை என் கையில் தந்து, "இத சத்தமா வாசி" என்றார். தமிழ் எழுத்துத்தான், ஆனால் பாஷை பிரெஞ்சாம். "இல் மான்ஜ் து பேன்" என்று வாசித்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அவன் பாண் சாப்பிடுறான்" என்றார். தலைப் பேனையா சாப்பிடுகிறான் என்று நான் விழுந்து விழுந்து சிரித்ததில் அவருக்குக் கோபம் வந்து அன்று முழுவதும் பேசவில்லை. நான்கு வருடம் கழிந்த பிறகும் அதே கொப்பியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

என் பெயர் இராஜகுமாரி. பெயருக்கும் பிழைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பெயர் ராஜலிங்கம். கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, முட்டி மோதிப் படித்து, கண்டியில் ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியராக வந்தவர். நாங்கள் கட்டுக்கலையில் கோயிலுக்குப் பின்பக்கம் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அவருக்கு ஒரே ஒரு வெறிதான். லண்டன் சர்வகலாசாலையின் இன்டர் பரீட்சை. கொழும்புக்குப் போய் யூனிவர்சிட்டி கொலிஜ்ஜில் படிக்க வசதி இல்லாதவர்கள் வீட்டிலிருந்தே படித்து அதை எழுதலாம். அதற்கு இங்கிலிஷைத் தவிர இன்னொரு பாஷை வேண்டும். கலியாணத்துக்கு முன்பே இலத்தீன் அவரை இரண்டு தரம் குப்புறத் தள்ளிவிட்டது. தமிழும் எடுக்கலாமாம் என்று யாரோ சொன்னதற்கு, "தமிழ எடுத்து பாஸ் பண்ணினா எவன் மதிப்பான்?" என்று கேட்டுவிட்டு, பிரெஞ்சைக் கட்டிக்கொண்டார்.

பாஷையோடு அவர்களுடைய நாகரிகமும் படிக்க வேண்டுமாம். பாரிஸில் எந்த வீதியில் எந்த ராசாவின் சிலை நிற்கிறது, விருந்தில் எதைத் தின்ற பிறகு எதைத் தின்ன வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரெஞ்சுக்காரர்கள் பெண்கள் வந்தால் எழுந்து நின்று கதிரையை இழுத்துப்போட்டு உட்காரவைப்பார்கள் என்று உருகி உருகிச் சொல்லுவார். சொல்லும்போது அவர் கதிரையில் இருப்பார். நான் தரையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருப்பேன்.

இலக்கணம் எழுதுவார், மொழிபெயர்ப்பார், அதெல்லாம் புத்தகத்தைப் பார்த்தே பழகிவிடலாம். சொல்வதெழுதல்தான் தலையிடி. ஒருவர் பிரெஞ்சில் வாசிக்க, கேட்டு எழுத வேண்டும். கண்டியில் யார் வாசிப்பது? குளத்துக்கு மேலே மடத்தில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்களேன் என்று நான் சொன்னதற்கு, "ஒரு வாத்தியார் போய் கன்னியாஸ்திரிகிட்ட கைகட்டி நிக்கிறதா?" என்றார். ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறிப்பைப் பார்த்து, இருநூறு பந்திகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தார். மாதங்கள் போய் அவருக்கே மறந்த பிறகு, நான் அதை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். அவர் கேட்டுப் பிரெஞ்சு எழுத்தில் எழுதுவார். காலையில் அடுப்புக்கு முன்னால் ஒரு பந்தி, பின்னேரம் அவர் பாடசாலையால் வந்ததும் ஒரு பந்தி. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. கிளிப்பிள்ளைக்காவது ஒரு பழம் கிடைக்கும்.

எனக்கு ஏன் இந்தப் பொறுமை என்றால், ஒரு வாக்கு இருந்தது. நான் ஏழாம் வகுப்பு பாஸ். அந்த மடத்தில் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. படித்து முடித்தால் தமிழ்ப் பாடசாலைகளில் வேலை. கலியாணத்துக்கு முன்பே அதில் சேர வேண்டும் என்று எனக்கு உயிராசை. அவரிடம் கேட்டபோது, "மொத நான் பாஸ் பண்ணிக்கிறேன், அப்புறம் நீ" என்றார். ஒரு வீட்டில் இரண்டு பேர் படித்தால் சோறு யார் ஆக்குவது என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. பிரெஞ்சிலும் முதல் தரம் அவர் பெயிலானார். இரண்டாம் தரமும் பெயிலானார். "அப்புறம் நீ" அப்படியே நின்றது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு மே மாதம், அவருக்குச் சொல்லாமல் மடத்துக்குப் போனேன். வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் மதர் ஒடீல் என்ற பிரெஞ்சு அம்மா. என்னுடைய ஒரே சொத்தைக் காட்டலாம் என்று, பிரெஞ்சில் வணக்கம் சொல்வதாக நினைத்து, "பொன்ஜூர், மா மேர்" என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் இருந்தவர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"பிள்ளை, நீர் எங்கை பிரெஞ்சு படிச்சனீர்? அது பல் எண்டு சொல்லுற ப இல்லை. பஸ் எண்டு சொல்லுற ப."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது மடத்துச் சமையல் குசினி வாசலில் பாண்காரன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். மதர் அவனைக் காட்டி, பாண் என்றால் பேன், பல்லில் வருகிற ப, குளிப்பு என்றாலும் பேன், ஆனால் அது பஸ்ஸில் வருகிற ப என்று இரண்டையும் மாறி மாறிச் சொன்னார். இரண்டும் இரண்டு சொல். நான்கு வருடமாக நான் இரண்டையும் ஒரே மாதிரி வாசித்திருக்கிறேன். அவர் எழுதியதும் ஒரே ப. பஸ் என்று எழுதினால் எனக்குச் சரியாக வாசிக்க வரும், ஏனென்றால் பேராதனை வீதியில் நாளுக்குப் பத்து பஸ்ஸைக் காண்கிறேன். பிரான்ஸை நான் எங்கே கண்டேன்? த, க எல்லாவற்றிலும் இதே கூத்து. இது போதாதென்று, அவர்கள் ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையோடு ஒட்டி வாசிப்பார்களாம். நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தேவாரம் சொல்லிக் கொடுப்பதுபோல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

வந்த விஷயத்தையும் கேட்டேன். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் படிவம் வந்து சேர வேண்டும் என்றார் மதர். அக்டோபரில் வகுப்பு தொடங்கும்போது இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு நவம்பரில் முடிகிறது. இந்த வருடம் விட்டால் பிறகு இல்லை. கலியாணமானவளாதலால் கணவன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை வாங்கிவந்து அலுமாரித் தட்டில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே வைத்தேன்.

அவர் ஜூலையில் பாஸ் பண்ணினால்தான் எனக்குக் கையெழுத்து. ஆகவே அவரைப் பாஸ் பண்ண வைப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கோயிலுக்கு என்று சொல்லி, கொப்பியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து, நான்கு புதன்கிழமை மடத்துக்குப் போனேன். நான் வாசிக்க, மதர் அது என்ன சொல் என்று பிடித்து, சரியாகச் சொல்லித் தந்தார். பஸ் போல வரும் இடங்களில் எழுத்துக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். ஒட்டி வாசிக்க வேண்டிய இடங்களில் வளைவு போட்டேன். வீட்டில் அவர் இல்லாத நேரம் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகியது.

ஜூன் கடைசியில் ஒரு பின்னேரம், அவர் பேனையும் தாளுமாக உட்கார்ந்தார். நான் புது மாதிரி வாசித்தேன். என் வாயில் இருந்து அப்படி ஒரு பாஷை வருகிறது என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பாதிப் பந்தியில் அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"என்ன வாசிப்பு இது? வாயில கொழுக்கட்டையா?"

"சரியாத்தாங்க வாசிக்கிறேன். இப்படித்தான் அவங்க பேசுறாங்க."

"எவங்க?"

சொன்னேன். மறைக்க எனக்கு விருப்பமில்லை. மடத்துக்குப் போனது, பல், பஸ், பாண், குளிப்பு எல்லாம் சொன்னேன். அவர் தாளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வழக்கமாக ஒரு பந்திக்கு நாலு பிழை. இன்று அரைப் பந்தியில் முப்பத்தொரு பிழை. அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"ஏழாங்கிளாஸ் படிச்சவ எனக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுக்க வந்துட்டியா? பரீட்சைக்கு மூணு கெழம இருக்கிற நேரத்துல என் காதக் கெடுக்காத. முன்ன வாசிச்ச மாதிரி வாசி."

"அது பிழைங்க."

"வாசின்னா வாசி."

அழிறப்பரை எடுத்து, நான்கு புதன்கிழமைக் கோடுகளையும் அவரே உட்கார்ந்து அழித்தார். சிவப்பு சரியாக அழியாமல் தாள் முழுவதும் புண் மாதிரி ஆகிவிட்டது. நான் பழையபடி வாசித்தேன். பல்லில் வருகிற ப. சொல்லுக்குச் சொல் நிறுத்தி. நாலே நாலு பிழை. "பாத்தியா?" என்று அவர் சந்தோஷமாகக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. மூன்று கிழமையும் தெரிந்தே பிழையாக வாசித்தேன். சொல்லச் சொல்லக் கேளாத மனிதனை என்ன செய்வது?

ஜூலையில் கொழும்புக்குப் போய் எழுதிவிட்டு வந்தார். கோச்சியால் இறங்கி வந்தவர், சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "வாசிச்ச வெள்ளைக்காரனுக்கு உச்சரிப்பே சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

பரீட்சை முடிவு செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை பத்திரிகையில் வந்தது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தார். பிறகு இரவுச் சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாள் பாடசாலைக்கும் போகவில்லை. மத்தியானம் கதிரையில் இருந்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அவன் வாசிக்கிறான், எனக்கு ஒன்னுமே கேக்கல. காதுல ஒன் கொரல்தான் நிக்குது. ஒன் கொரல்ல தேடித் தேடிப் பாத்தேன், அதுல அவன் சொன்ன ஒரு வார்த்தையும் இல்ல."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என்ன இருந்தாலும் பாடுபட்டுப் படித்த மனிதன். பக்கத்தில் போய் நின்றேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நாலு வருஷமா தப்புத் தப்பா வாசிச்சு என்னக் கெடுத்துட்ட."

அழித்தது யார், வாசி என்றால் வாசி என்றது யார் என்று நாக்கு நுனி வரை வந்தது. மணி இரண்டு அடித்தது. நாலு மணிக்கு மடத்தில் கடைசி நேரம். விழுங்கிக்கொண்டேன்.

"சரி, போனது போகட்டும்" என்றார் அவரே. "அடுத்த ஜூலைக்கு பத்து மாசம் இருக்கு. நீ அந்த மதர்கிட்ட போய் ஒழுங்கா வாசிக்கப் பழகிட்டு வா. அப்புறம் எனக்கு வாசி."

அலுமாரியைத் திறந்து, தட்டுக் கடதாசிக்குக் கீழே இருந்த படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"வகுப்புல சேந்தா தினமும் மதர்கிட்ட இருக்கலாங்க. வாசிக்கவும் பழகலாம். இன்னிக்குத்தான் கடைசி நாள். உங்க கையெழுத்துக் கேக்குறாங்க."

படிவம் இங்கிலிஷில் இருந்தது. முழுவதும் வாசித்தார். பயிற்சி வகுப்பு என்று தெரிந்துகொண்டார் என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். பேனையை எடுத்தார். சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. மேலே, இந்த வகுப்பில் சேர விரும்பும் காரணம் என்று ஒரு இடம் நான் எழுதுவதற்காக விட்டிருந்தார்கள். அதையும் அவரே தன் அழகான எழுத்தில் நிரப்பி, ஊதிக் காயவைத்து என்னிடம் தந்தார். அவ்வளவு இங்கிலிஷ் எனக்கும் தெரியும். கணவரின் படிப்புக்கு உதவி செய்வதற்காக என்று எழுதியிருந்தார்.

"இது என்னங்க?"

"உண்மையத்தானே எழுதியிருக்கேன்?"

இன்னொரு படிவம் இல்லை. மையை அழித்தால் தாள் கிழியும். சண்டை பிடிக்க ஆரம்பித்தால் நாலு மணி போய்விடும். சேலையைக்கூட மாற்றாமல் குளத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் நான் அவரோடு மனதுக்குள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மதர் ஒடீல் படிவத்தை மேசையில் விரித்து வாசித்தார். அந்த வரி வந்ததும் விரலை அதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுதானோ பிள்ளை உம்மட காரணம்?"

"இல்ல மதர்."

"அப்ப ஏன் இப்பிடியே கொண்டு வந்தனீர்?"

"கீழ கையெழுத்து இருக்குங்களே. அதுக்காக."

மதர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வகுப்புக்கு வரச் சொன்னார்.