அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம்

அடுக்களைச் சுவரை இடிக்கச் சொன்னது நான்தான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். என்னிடம் யாராவது கேட்டிருந்தால்தானே நான் இடி என்றோ இடிக்காதே என்றோ சொல்வதற்கு. இடிக்கச் சொன்னது என் வீட்டுக்காரர் சலாஹுதீன். இருபத்தாறு வருடம் சவுதியில், தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போன வருடம் விசாவை கேன்சல் செய்துகொண்டு குளச்சலுக்கு வந்து சேர்ந்த மனுஷன்.

அதற்கு முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். லீவில் வருகிற ஆளை வீட்டுக்காரர் என்று எப்படிச் சொல்வது, விருந்தாளி என்றுதான் சொல்லவேண்டும். வந்த அன்றிலிருந்து ஹால் நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான் அடுக்களைக்குள் சாயா போட்டுக்கொண்டே இருப்பேன். வந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்து முடிக்கும்போது இவருக்குப் பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். ஒரு லீவிலாவது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றோமா என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.

அதனால் எங்களுக்குள் பேச்சே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். போனில் பேசினோம். முதலில் முக்கு கடை பூத்தில், பிறகு கையில் வைத்திருக்கிற போனில், கடைசியில் இமோ என்கிற வீடியோ கால் வந்த பிறகு முகம் பார்த்து. முகம் பார்த்து என்று சும்மா சொல்கிறேன். நான் போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைப்பேன், அது வழுக்கிப் படுத்துவிடும். நிமிர்த்தி வைக்க எனக்கு எங்கே கை ஒழிவு. அவரும் அங்கே ஆறு பேர் தங்கிய அறையின் மூலையில், அடுப்புப் பக்கத்தில் போனை மல்லாத்தி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவார். அவர் பார்த்ததெல்லாம் எங்கள் அடுக்களைக் கூரை. நான் பார்த்ததெல்லாம் தமாமில் சுற்றுகிற ஒரு ஃபேன். அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டுதான் மகள் சுல்ஃபியாவின் படிப்பு, நகை, கல்யாணம் எல்லாவற்றையும் பேசி முடித்தோம். சண்டை போட்டோம், சிரித்தோம், இரண்டு நாள் பேசாமலிருந்து மூன்றாம் நாள் "என்ன குழம்பு?" என்று சமாதானமும் ஆனோம்.

ஊருக்கு வந்த புதிதிலும் அப்படித்தான் இருந்தது. அவர் ஹாலில் சோபாவில் படுத்திருப்பார், நான் அடுக்களையில் நிற்பேன், நடுவில் சுவர். அங்கிருந்து சத்தமாகக் கேட்பார்.

"ஏட்டி, சாளை மீனா பொரிக்கே?"

"மூக்கு இருக்குல்லா, பொறவு என்னத்துக்குக் கேள்வி?"

சிரிப்பார். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வரும்போது எனக்கு நிறைந்துவிடும். அப்படி ஒருநாள் நான் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ சொல்வது போலிருந்தது. மிக்ஸியை நிறுத்தினேன். தமாமில் அவருடைய அறையில் அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு வயசாளி, ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லையாம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாந்தான் தட்டி எழுப்பினேன். கை சில்லுன்னு இருந்துது. அதுக்குப் பொறவு ரெண்டு மாசம் நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கல்ல, ரைஹா. உனக்கிட்டே சொல்லல்ல. அங்க இருந்து சொன்னா நீ பயப்படுவியேன்னு."

நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்து வழிந்தது. அப்போதுதான் அவர் அடுத்த பேச்சைப் பேசினார்.

"பாரு, இவ்வளவும் சொல்லுகேன், உனக்க முகம் எனக்குத் தெரியல்ல. இந்தச் சவத்துச் சுவர இடிச்சுப் போடணும். இப்பம் எல்லாரும் ஓப்பன் கிச்சன்தான் வைக்கா. ஒரே ஹாலா கெடக்கும். நீ ஆக்குவ, நான் எதிர இருந்து பேசிட்டிருப்பேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்திருந்தால் அழுகை தெரிந்துபோகும். அதனால் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு அது ரொம்ப வசதி.

மறுவாரமே கொத்தனார் குமாரதாஸ் வந்தார். வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கட்டிய வீட்டை இடித்துப் பார் என்று ஏன் சொல்லாமல் போனார்களோ. வீடெல்லாம் சிமென்ட் தூசி. அரிசியில் தூசி, குர்ஆன் வைத்திருந்த உறையில் தூசி, என் தலைமயிரில் தூசி. பின்புறம் தகர ஷீட்டுக்குக் கீழே சிலிண்டரைத் தூக்கிப் போட்டு சமையல். சுவர் விழுந்த அன்று குமாரதாஸ் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் என் அடுப்புப் புகை ஏறிக் கறுப்பாக இருந்தது, இன்னொரு பக்கம் ஹாலுக்கு அடித்த பச்சை பெயின்ட்.

"மேல பீம் கெடக்கு இத்தா. வீட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு கிரானைட் வந்தது, சிம்னி வந்தது, இழுத்தால் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிற டிராயர்கள் வந்தன. சுவர் இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு மேடை, அதற்கு அந்தப் பக்கம் இரண்டு உயரமான ஸ்டூல். பரோட்டாக் கடையில் உட்காருகிற மாதிரி உட்காரவேண்டும். வந்து பார்த்தவர்கள் எல்லாம் ரைஹானத்துக்கு வந்த யோகத்தைப் பார் என்றார்கள். கல்யாணம் சொல்ல ஒருநாள் தேங்காப்பட்டணத்திலிருந்து நாலு ஆண்கள் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். முன்பு என்றால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சாயாவை நீட்டியிருப்பேன். இப்போது தட்டத் துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினேன். அடுப்பில் பால். நாலு பேரும் இவரும் வரிசையாக உட்கார்ந்து அது பொங்கி வழிவதைப் பார்த்தார்கள். இவர் எழுந்து போய், பால் இருந்த அடுப்பை விட்டுவிட்டு அடுத்த அடுப்பின் திருகைத் திருகினார். கதவிடுக்கு வழியாகப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் போன பிறகு இதைச் சொல்லி அவரோடு சிரிக்கலாம் என்று வெளியே வந்தேன். அவர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை.

அதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது.

காலையில் வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் அடுப்பில் நிற்பேன். நான் வெங்காயம் உரிப்பதைப் பார்ப்பார். பார்க்கிறார் என்று தெரிந்தால் எனக்குக் கை ஓடாது. கரண்டி விழும். உப்பு கூடும். இத்தனை வருடம் நான் தனியாக நின்று, தனியாக முணுமுணுத்து, அழவேண்டுமென்றால் அழுது, சட்டியிலிருந்தே ஒரு வாய் அள்ளித் தின்ற இடம் அது. இப்போது என் கழுத்து வியர்ப்பதுகூட அவருக்குத் தெரிகிறது. நானும் அவரைப் பார்த்தேன். அவருக்கு இவ்வளவு நரை இருக்கிறதென்று அப்போதுதான் பார்த்தேன். காது ஓரம் ஒரு தழும்பு, எப்போது வந்ததென்று தெரியாது. கேட்டிருக்கலாம். முன்பென்றால் அந்த ஃபேனைப் பார்த்துக் கேட்டிருப்பேன்.

"சாயா?"

"ம்."

"சீனி?"

"போதும்."

அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவர் ஸ்டூலை விட்டு எழுந்து துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தார். மீன் ஏலம் விடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு, மீனும் வாங்காமல் திரும்பி வருவார். வந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். தமாம் அறையில் கூட இருந்தவர்களில் ஒருவர் மத்தியாஸ், நம்ம குளச்சல் ஆள்தான், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அவரோடு போனில் பேசும்போது மட்டும் இவருக்கு வாய் திறக்கும். வெளியே முற்றத்தில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவார். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பது வயசு நெருங்கும்போது மத்தியாஸ் மேல் பொறாமைப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபடியே சொன்னார்.

"மத்தியாஸ் கூப்பிட்டான். பழைய கம்பெனியிலே ஆள் வேணுமாம். வெள்ளிக்குள்ள சொல்லணும்."

போகாதீர்கள் என்று சொல்லத்தான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்க இஷ்டம்" என்றேன். பாழாய்ப்போன வாய் அதைத்தான் சொன்னது.

மறுநாள் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேடைமேல் வைத்தார். அது அங்கேயே கிடந்தது. நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு மேடையைத் துடைத்தேன், பிறகு பழைய இடத்திலேயே எடுத்து வைத்தேன். மகள் போன் செய்தபோது, "வாப்பா போறாவளாமே? நீ ஒண்ணும் சொல்லல்லியா உம்மா?" என்று கேட்டாள். மனுஷன் முன்னால் நிற்கும்போது எனக்குப் பேச்சு வராது என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது. அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை உலை வைத்த நேரம் அவர் தண்ணீர் டேங்கைப் பார்க்கிறேன் என்று மொட்டைமாடிக்குப் போனார். டேங்கில் பார்க்க என்ன இருக்கிறது. நான் தேங்காயைத் துருவிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஹால் முழுக்கத் தெரிந்தது. காலி ஸ்டூல் இரண்டு, காலி சோபா, அணைத்து வைத்த டிவி, வாசல் வரை ஒரு தடை கிடையாது. மேடையில் அந்தப் பாஸ்போர்ட். அவர் போன பிறகு தினமும் இதைத்தான் பார்த்துக்கொண்டு ஆக்கவேண்டும் என்று நினைத்தேன். அரிசி வெந்துகொண்டிருந்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

பழக்கதோஷத்தில் விரல் தமாம் நம்பரைத்தான் அமுக்கியது. ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். வெட்டிவிட்டு ஊர் நம்பருக்குப் போட்டேன். மணி என் காதுக்குள்ளும் அடித்தது, மாடிப்படி வழியாகவும் கேட்டது.

"ஹலோ" என்றார். அதே குரல். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற, நான் வாழ்ந்த குரல்.

நான் ஹாலுக்கு முதுகைக் காட்டி, சிம்னியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"நீங்க போகண்டாம்" என்றேன்.

மேலே காக்கை கத்துவது போனுக்குள் கேட்டது.

"சுவர் நின்னப்பம், நீங்க தமாமுல கெடந்தாலும், அந்தப் பக்கம் ஹால்ல இருக்கியன்னு நெனச்சுக்கிடுவேன். அப்படித்தான் இத்தன வருசமும் ஆக்கினேன். இப்பம் நீங்க இடிச்சுப் போட்டாச்சு. எல்லாம் தெரியுது. யாரும் இல்லன்னு தெரியுது. இதப் பாத்துட்டு என்னால நிக்க முடியாது, கேட்டியளா."

"நீ பேசவே இல்லியே, ரைஹா" என்றார். "நான் எதிர வந்து இருந்தா உனக்கு ஒரு சொல்லும் வரல்ல. நான் இங்க வேண்டாத ஆளுன்னு நெனச்சேன்."

"நீங்க மட்டும் பேசினியளாக்கும்?"

"உனக்க முகத்தப் பாத்தா எனக்கு என்ன பேசன்னு அறியல்ல, ஏட்டி. பேசிப் பழக்கமில்லல்லா."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றோம். அந்தச் சும்மா எனக்குப் பிடித்திருந்தது.

"காது பக்கத்துல அது என்ன தழும்பு?" என்று கேட்டேன்.

"அதா? கம்ப்ரசர் தட்டினது. பெரிய கதை."

"சொல்லுங்க."

சொன்னார். சோறு குழைந்து போனது.

பிறகு இறங்கி வந்தார். பாஸ்போர்ட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் குழைந்த சோற்றையும் அயிலை மீன் குழம்பையும் விளம்பிவிட்டு, முதல்முறையாக அடுத்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. தின்று முடிக்கிறவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் உலை வைக்கும்போது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இமோ அடித்தது. எடுத்து மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்தேன். புது கிரானைட் இன்னும் வழவழப்பு, உடனே வழுக்கிப் படுத்துவிட்டது. திரையில் எங்கள் மாடிக்கு மேலிருக்கிற வானமும் ஒரு தென்னை ஓலையும் தெரிந்தன. அவருக்குச் சிம்னி தெரிந்திருக்கும்.

"என்ன குழம்பு?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். இவ்வளவு செலவழித்து ஒரே ஹாலாக ஆக்கிய வீட்டில் ஒரு ஆள் மாடியில், ஒரு ஆள் கீழே. வெயில் ஏறினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறார். இறங்கி வாங்க என்று சொல்ல எனக்குப் பயம். வந்துவிடுவார், பேச்சு நின்றுவிடும். காலி ஹால் கண்ணில் படாமல் திரும்பி நின்றுகொண்டு, "நீங்க சொல்லுங்க" என்கிறேன்.