அக்கரைக் கொட்டகை நாற்காலிகள்

"எண்ணிப் பார்த்தீங்களா?" என்று அவள் கேட்டபோது கணவர் ஒரு காலுக்கு மட்டும் சாக்ஸ் மாட்டியிருந்தார். காலை எட்டு மணி. முந்தின நாள் அவர் எழுதி முடித்த வீடியோ கேம் விமர்சனம் கணினித் திரையில் திறந்திருந்தது. மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம்: 'அக்கரைக் கொட்டகையில் ஏழு நாற்காலிகள் இருக்கின்றன, ஒன்றில்கூட ஆளில்லை.'

"ஏழுதான் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"நாளெல்லாம் வீடு வீடா ஏறி இறங்கி மீட்டர் நம்பரைக் குறிச்சுட்டு வர்றவன் நான். வீட்டுக்கு வந்தும் எண்ணணுமா? எண்ணத்தான் நீ இருக்கியே." மற்றக் காலையும் நீட்டினார். "சாயங்காலம் வந்து மறுபடி ஆடிக் காட்டறேன், தாயே. இப்ப ஆளை விடு."

பதினொன்றரை மணிக்கு அவர், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர்ப் பெட்டியின் முன்னால், கையில் டார்ச்சோடு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அது வரவேண்டிய நேரத்தில் பசி வந்தது, பிறகு தூக்கம் வந்தது. வந்தவர்கள் உட்கார வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை வண்டியில் ஏற்றிய ஆள் "முப்பது, சரியா இருக்கும்மா" என்றபோது, அவளும் மனதுக்குள் எண்ணி முடித்திருந்தாள். பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனாள். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் அவள். இருபத்திரண்டு வருஷமாக, மூலப்பிரதியை இடப்பக்கமும் அச்சுப்படியை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுவதுதான் வேலை. அன்றும் ஒரு பாடப்புத்தகத்தில் நாற்பத்தோரு பிழைகள் கண்டுபிடித்தாள். கண் அதன்பாட்டுக்குப் பார்த்தது, கை அதன்பாட்டுக்குச் சுழித்தது.

அவர் ஒன்பது வருஷமாக ஒரு வலைப்பூ நடத்திவந்தார். தனி ஆளாக உட்கார்ந்து யாராவது செய்த, விலை குறைந்த சின்னச் சின்ன வீடியோ கேம்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவார். "பெரிய கேமுக்கு ஊரே வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதும். இந்தப் பாவங்களை யார் சீந்தறது?" என்பார். கடைசிவரை ஆடிப் பார்க்காமல் அவர் ஒரு வரி எழுதமாட்டார்; அவள் சரிபார்க்காமல் ஒரு வரி வெளியாகாது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தைத் திரும்ப ஆடிக் காட்டச் சொல்வாள். ஒரு கேமில் வரும் பூனைக்கு வெள்ளைக் கால் மூன்றா நான்கா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றிருக்கிறார்கள். மூன்று. அவர் நான்கு என்று எழுதியிருந்தார். அவள் திருத்தியதைக் காட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சரி, தாயே" என்பார். அதன் பிறகுதான் வெளியிடுவார்கள்.

அவர் போய் ஒரு மாதம் கழித்து, அக்கரைக் கொட்டகை வரும் அந்தக் கேமைச் செய்தவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'சார், விமர்சனம் எப்ப வரும்? வேற யாரும் எழுதல.' அவனுக்கு விஷயம் தெரியாது.

"அப்பா எழுதினதை அப்படியே போட்டுடேம்மா" என்றாள் மகள், ஃபோனில். "யாரு போய் நாற்காலியை எண்ணப்போறா?"

"நான்தான்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு மகள் ஃபோனை வைத்தாள்.

படகோட்டி ஒருவன் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் கேம் அது. மொத்தம் நாற்பது நடை. கடைசி நடையில்தான் கொட்டகை காலியாக இருக்கும். அங்கே படகைக் கட்டினால் ஆட்டம் முடிந்து, எல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்கும். அவர் கட்டிவிட்டிருந்தார். அதனால் அவள் முதல் நடையிலிருந்து வரவேண்டியிருந்தது. விளையாட்டு என்று எதையும் தொட்டுப் பழக்கமில்லாதவள். முதல் வாரம் முழுக்கப் படகைப் பாறையில் கொண்டுபோய் முட்டினாள். வேலை முடிந்து வந்ததும் கைப்பையை அவர் நாற்காலியில் மாட்டிவிட்டு, சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். சுவாரசியமும் இல்லை, சலிப்பும் இல்லை. விரல்கள் துடுப்புப் போட்டன. ஏழாவது வாரம் நாற்பதாவது நடையில் அக்கரை வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

ஆறு நாற்காலிகள்.

படகைக் கட்டாமல், மின்னஞ்சலில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள். இன்னாரின் மனைவி என்றாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அவன் "ஐயோ, அக்கா" என்றான். பிறகு அவள் நாற்காலியைப் பற்றிக் கேட்டாள்.

"ஆறுதான்க்கா வெச்சேன். சார் ஏழுன்னா எழுதியிருக்காரு?" கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு செய்யறேன். இன்னொரு நாற்காலி போட்டு அப்டேட் அனுப்பிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. எல்லாரோட கேம்லயும் ஏழாயிடும். சார் எழுதினது சரியாப் போயிடும்."

அவள் திரையில் ஆறாவது நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

"மூலத்துல கை வைக்கக் கூடாது, தம்பி."

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"வேண்டாம்ப்பா."

"சார் எத்தனை மார்க் போட்டிருக்காரு?"

"வந்ததும் பாத்துக்குங்க."

விமர்சனத்தைத் திறந்து 'ஏழு' என்பதை அழித்து 'ஆறு' என்று அடித்தாள். முதலிலிருந்து ஒரு முறை படித்தாள். ஒருவர் நிமிராமல் இரண்டு வார்த்தை சொல்வதற்கு ஆகும் நேரம் காத்திருந்தாள். பிறகு வெளியிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கேமைத் திறந்தபோது 'புதுப்பிக்கப்படுகிறது' என்று ஒரு பட்டை ஓடியது. பையன் சொல் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. பட்டை முடியும்வரை, எந்த எண்ணை எதிர்பார்க்கிறோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை.

திரை தெளிந்தது. கட்டாத படகு கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. மழைச் சத்தம் மட்டும் முன்பைவிடச் சன்னமாகக் கேட்டது; பையன் திருத்தியது அதைத்தான். அவள் இடமிருந்து வலமாக எண்ணினாள். வலமிருந்து இடமாக எண்ணினாள்.

ஆறு. ஒன்றில்கூட ஆளில்லை.