மட்டாஞ்சேரி ஜீவராசி

அலாரம் அலறிய அலறலில், டாக்டர் நசீபாவின் கையிலிருந்த சாயா டெல்லி விருந்தாளி ஒருவரின் வெள்ளைச் சட்டையில் பாதியும் தரையில் மீதியுமாகப் போய்ச் சேர்ந்தது.

"வந்துடுச்சு மேடம்," என்றான் உதவி விஞ்ஞானி கோவிந்த். பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பாவின் முகம் அவனுக்கு.

மட்டாஞ்சேரி படகுத்துறையை ஒட்டிய பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றில்தான் தேசிய நீரொலி ஆய்வகம் நடக்கிறது. தண்ணீருக்கு அடியில் எழும் சத்தங்களை ஆராய்வது அதன் வேலை. அதன் இயக்குநர் நசீபா இதே ஊரில் பிறந்து, எர்ணாகுளத்தில் இயற்பியல் படித்து, பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கி, நார்வேயில் திமிங்கிலங்களின் குரலைக் கேட்டுக்கொண்டே ஆறு குளிர்காலங்களைக் கழித்தவள். அவள் தெருக்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்ட பெரிய ஆபீசர் என்ற அளவில் அவர்களுக்கு அவளைத் தெரியும். வீட்டில் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு அவள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், அவளே இரண்டு தடவை லாரித் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்திருக்கிறாள்.

படகு மோட்டார், கப்பல் சங்கு, துறையில் நடக்கும் வாய்ச்சண்டை, இத்தனைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் கருவி ஒன்றை அவள் உருவாக்கியிருந்தாள். டெல்லியில் அதை யாரும் நம்பவில்லை. கொச்சித் துறைமுக இரைச்சலில் அந்தக் கருவிக்கு ஒன்றும் கேட்காது, ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு நசீபாவை டெல்லியில் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு. அதை முடிவு செய்யத்தான் மூவர் குழு வந்திருந்தது. தலைவி வீரலட்சுமி திருநெல்வேலிக்காரர். நசீபா கொடுத்த முறுக்கைக்கூட சந்தேகத்தோடு பார்த்துவிட்டுத்தான் கடித்தார்.

நசீபாவுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த மர்ம ஜீவராசி. சில மாதங்களாக மத்தியான வேளையில் படகுத்துறைக்கு அடியிலிருந்து விநோதமான ஒரு குரலைக் கருவி பிடித்துக்கொண்டிருந்தது. டால்பின் இல்லை, மீன் இல்லை, படகும் இல்லை. உலகம் அறியாத உயிரினம் என்று கோவிந்த் டெல்லிக்கு எழுதிவிட்டான். அதற்குத் தன் பெயரை வைக்கலாமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தான்.

அலாரம் அடித்ததும் குழுவினர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். கடல் ஜீவன்களின் குரலை வேகம் குறைத்துக் கேட்பதுதான் வழக்கம். கோவிந்த் அப்படியே போட்டான். 'டொம்... டொம்... டொம்...' கொஞ்சம் இடைவெளி. எரிச்சலோடு இன்னொரு 'டொம்'. பிறகு சேற்றில் புரளும் எருமை மாதிரி நீளமாக ஒரு முனகல். வீரலட்சுமியின் புருவம் ஏறியது.

நசீபாவும் ஒரு ஹெட்போனைக் காதில் வைத்தாள். இயக்குநர் ஆன நாளிலிருந்து அவள் சத்தம் கேட்பதே நின்றுபோயிருந்தது. கூட்டம், கையெழுத்து, மறுபடி கூட்டம். இந்த ஜீவராசியையும் வெறும் வரைபடக் கோடாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று தட்டு, இடைவெளி, எரிச்சலாக ஒரு தட்டு. தினமும் காலையில் அவள் குளியலறைக் கதவு இப்படித்தான் தட்டப்படும்.

கேபிளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

படகுத்துறைப் பலகையில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருந்தான் அவள் கணவன் அல்தாஃப். பஜார் ரோட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவன். மூட்டையில் குத்தி அரிசி பார்க்கும் குத்தூசி ஒரு கையில். தண்ணீருக்குள் இறங்கும் கருவியின் இரும்புக் குழாய் இன்னொரு கையில். குழாயின் வாயில் தன் வாயை வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இங்க என்ன பண்றீங்க?"

அல்தாஃப் கொஞ்சமும் கூச்சப்படாமல் எழுந்து உட்கார்ந்தான். "பின்ன? உன் போனை வாசல்லயே வாங்கிப் பூட்டி வெச்சிடறாங்க. உன் மெஷினோட காது இதுக்குள்ளதானே கிடக்கு. அதான் குத்தூசியால இதைத் தட்டிட்டு, சொல்லிட்டுப் போறேன்."

முதல் நாள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தானாம். வரும்போது சாயாக்கடையில் பழம்பொரி வாங்கி வா என்று குழாயில் சொன்னான். அன்று சாயங்காலம் அவள் பழம்பொரியோடு வந்தாள். அடுத்த வாரம், இன்றைக்காவது சீக்கிரம் வா என்றான். மத்தியானமே வந்துவிட்டாள். அன்று ஊரெங்கும் ஹர்த்தால் கடையடைப்பு என்பது அவன் கணக்கில் வரவில்லை. அதன் பிறகு மண்டியில் கூட்டம் குறையும் போதெல்லாம் குத்தூசியோடு கிளம்பிவிடுவான். பள்ளுருத்திக் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்பது முதல், தன் முழங்கால் வலி வரை எல்லாம் இந்தக் குழாயில் சொல்லியாகிவிட்டது.

"வீட்ல சொல்றதவிட இது எளுப்பம்," என்றான். "நீ குறுக்க பேச மாட்டே."

நசீபாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள். அவன் செருமலை உலகத்துக்கே புது ஜீவராசி என்று டெல்லிக்கு எழுதியிருப்பதையும், குட்டு உடைந்தால் இன்றைக்கே ஆய்வகத்துக்குப் பூட்டு என்பதையும் சொன்னாள்.

"அந்தத் தலைவி இருக்காங்களே, சிரிச்சா அபராதம் போட்டுடுவாங்கங்கற மாதிரி ஒரு மூஞ்சி. என் இத்தனை வருஷப் பாடும் இப்ப உங்க குத்தூசி முனையில நிக்குது மச்சான்."

"அப்ப நான் பேசறது அவங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது. ஆனா வேகத்தைக் குறைச்சு வெச்சிருக்கோம், எருமை முனகற மாதிரிதான் இருக்கும். உங்களை ஏதோ மீன்னு நெனச்சுட்டிருக்காங்க."

அல்தாஃப் சற்று யோசித்தான். "என்ன மீன்?"

நசீபா எழுந்து நடந்தாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தால் ஆய்வகம் பிழைக்கும். ஒரு வருஷத்துக்குள் நார்வேக்காரனும் ஜப்பான்காரனும் படகு எடுத்துக்கொண்டு அல்தாஃபைத் தேடி வருவார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த ஊர் விஞ்ஞானி முகத்திலும் முழிக்க முடியாது. டெல்லி வெயிலே மேல். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கதவைத் தள்ளினாள்.

கோவிந்த் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் முகம் வெந்த கப்பைக் கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. சாயாச் சட்டைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. கருவியைப் பார்த்தாள். வேகம் குறைக்கும் திருகு திருப்பப்பட்டிருந்தது. கருவி இயல்பான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டிக் குறைக்காமல் உள்ளபடி கேட்க வேண்டும் என்று தலைவி சொன்னதாக கோவிந்த் முணுமுணுத்தான். எப்போதிலிருந்து என்று கேட்க நசீபாவுக்குத் தைரியம் இல்லை.

"மேடம், அந்த ஜீவராசி வந்து, எங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தாள்.

வீரலட்சுமி கையைக் காட்டி நிறுத்தினார். ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அதை மெதுவாகக் கழற்றினார்.

"உட்காருங்க டாக்டர், உங்க கருவி பாஸ், ஒரு எழுத்துகூட விடாம கேக்குது, ஆனா உங்க வீட்டுக்காரர் இன்னும் நிறுத்தலை, உங்களை டெல்லிக்கு மாத்தாம இருந்தா எங்க மூணு பேருக்கும் பிரியாணியாம், மட்டனா சிக்கனான்னு கேட்டுட்டுக் குழாயில காதை வெச்சுக் காத்துட்டிருக்காராம்."