பட்டினிப் பாத்தி

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலையில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரும் முதல் வளைவில், சாலையை ஒட்டிய நிலத்தில் நான்கு பாத்திகளில் மக்காச்சோளம் விதைக்கப்பட்டது. முதல் பாத்திக்கு முழு அளவு யூரியா. இரண்டாவதற்குப் பாதி. மூன்றாவதற்கும் பாதிதான், ஆனால் விதை ஒரு நுண்ணுயிர்க் கலவையில் நனைத்தது. நான்காவதற்கு எதுவும் இல்லை.

கலவையை உருவாக்கியவர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மண்ணியல் பிரிவில் வேலை பார்த்த பெண். அந்தப் பக்கத்தில் அவரை மண்ணு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். வேரை ஒட்டிய மண்ணிலிருந்து, பயிருக்கு ஊட்டம் சேர்க்கும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் வளர்த்து, தொட்டிச் செடிகளில் பார்த்து, நிலையத்தின் சொந்த வயலில் இரண்டு பருவமும் பார்த்திருந்தார். பாதி யூரியாவிலேயே ஏறக்குறைய முழு விளைச்சல் கிடைத்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு படி: ஒரு விவசாயியின் நிலத்தில், அவர் கையாலேயே, ஒரு பருவம். அதில் தேறினால் பரிந்துரைக் குழு தலையசைக்கும், கலவை எல்லா விவசாயிகளுக்கும் போகும். தேறாவிட்டால் கிருமி குளிர்பெட்டியில் மற்ற கிருமிகளோடு படுத்துக்கொள்ளும், அவர் வேறு பிரிவுக்குப் போக வேண்டியதுதான். நிலைய இயக்குநர் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

நிலம் கொடுத்தவருக்கு வளைவுக்காரர் என்று பெயர் நிலைத்திருந்தது. ஐம்பதைத் தொட்டவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசுவார். மண்ணு டாக்டர் அந்த நிலத்தைத் தேடிப் பிடித்ததே சாலைக்காகத்தான். பேருந்தில் போகிறவர்கள் நான்கு பாத்திகளையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். தொண்டை வற்றக் கூட்டம் போட்டுச் சொன்னாலும் ஏறாதது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர் மண்டையில் தானாக ஏறும் என்று கணக்குப் போட்டார். அங்கேதான் கோட்டை விட்டார்.

முதல் மாதம் எல்லாம் அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. நான்காம் பாத்தி வெளுத்தது. அடியிலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளித்தன. இலையைக் கவ்விப் பச்சையத்தை அளக்கும் சிறு கருவியில் எண்ணைப் பார்த்த மண்ணு டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. வரப்பில் நின்ற வளைவுக்காரரின் மனைவிக்கு வயிறு எரிந்தது.

“இதைப் பார்த்தா சிரிக்கிறீங்க டாக்டரம்மா?”

“இது இப்படித்தான் இருக்கணும் அக்கா. இதுக்கு யாரும் ஒரு பிடி உரம்கூடப் போட்டுடாதீங்க.”

“நாலு பிள்ளைங்களை வரிசையா உட்கார வெச்சு, மூணு பேருக்குச் சாப்பாடு போட்டுட்டு நாலாவது தட்டைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து அதற்குப் பட்டினிப் பாத்தி என்று பெயர். மண்ணு டாக்டரே ஒருமுறை நிலையக் கூட்டத்தில் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டார்.

சாலையும் தன் வேலையைக் காட்டியது. பேருந்தில் போன ஒருவர்கூட மூன்றாம் பாத்தியைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் நான்காவதில்தான் விழுந்தது. ஓட்டுநர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அக்கறையோடு விசாரித்தார். முப்பது வருடமாக வெள்ளாமை வைக்கிற மனுஷனுக்கு வந்த கேடு என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் வளைவுக்காரரின் மச்சினர். மனைவியின் தம்பி. வளைவுக்கு எதிரே பம்புசெட் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்க்கு ஓய்வில்லை.

“மாமா, நாலாவது பாத்திக்கு என்ன ஆச்சு? அக்கா சமையலைச் சாப்பிட்டுச்சா?”

வளைவுக்காரர் மறுநாள் அந்தப் பாத்தியில் நட்டிருந்த ‘எதுவும் இடாதது’ என்ற பலகையைப் பிடுங்கி, எழுத்து நிலத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி நட்டார்.

ஆகஸ்டில் பட்டினிப் பாத்தியின் எண் கருவியில் ஏறத் தொடங்கியது. மண்ணு டாக்டர் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டு பேட்டரியை மாற்றினார். எண் இன்னும் ஏறியது. பிறகு மண்ணைச் சந்தேகப்பட்டார். போன பருவத்து உரம் ஆழத்தில் மிச்சம் இருந்திருக்கலாம் என்று துளையிட்டு மண் எடுத்துப் போனார். சோதனையில் அப்படி ஒன்றும் இல்லை. யாராவது ஏதாவது போட்டீர்களா என்று தம்பதியிடம் கேட்டபோது, வளைவுக்காரர் மோட்டார் அறையின் கூரையை ஆராய்ந்தார். யார் போடுவாங்க என்று மனைவி திருப்பிக் கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவர வயலை ஒட்டிய வீட்டுக்குள் போய்விட்டார். மண்ணு டாக்டர் அதை இல்லை என்ற பதிலாக எடுத்துக்கொண்டார். மண்ணைத் தோண்டிப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு மனிதர்களைத் தோண்டத் தெரியாது.

கதிர் பிடித்த சமயத்தில் குழு வந்தது. இயக்குநரும் குழு உறுப்பினர்களும் இரண்டு ஜீப்புகளில் வந்து இறங்கினார்கள். சுற்று வட்டாரத்து விவசாயிகள் நாற்பது பேர் ஏற்கெனவே வரப்பில் நின்றிருந்தார்கள். மச்சினர் கொட்டகையைச் சாத்திவிட்டு முதல் ஆளாக வந்து நல்ல இடமாகப் பிடித்திருந்தார்.

இயக்குநருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாத்திக்கு என்ன போட்டது என்று சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று முதலில் விவசாயிகளையே கேட்பார். அன்றும் கேட்டார். நாற்பது பேரில் ஏறக்குறைய எல்லாரும் நான்காவதைக் காட்டினார்கள்.

“இதுக்கு என்னம்மா போட்டீங்க?” என்றார் இயக்குநர்.

“எதுவும் போடல சார்,” என்றார் மண்ணு டாக்டர்.

“அப்ப அடுத்த பருவத்துக்கு நாம எல்லாரும் அதையே போடுவோம்,” என்றார் மச்சினர்.

வரப்பே அதிர்ந்தது. குழுவில் இருந்தவர்களும் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார்கள். மண்ணு டாக்டர் சிரிக்கவில்லை. ஆறு வருட உழைப்பு கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அவர் பட்டினிப் பாத்திக்குள் இறங்கி நடந்தார். அப்போதுதான் கவனித்தார். சாலைப் பக்கம் பயிர் கரும்பச்சையாக இருந்தது. வீட்டுப் பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும், ஆள் ஒருவர் நடந்து போகிற அகலத்துக்கு, இலைகள் மஞ்சளாகவே நின்றன. மண்ணின் குணம் இப்படி ஓரங்களில் மட்டும் மாறாது. இது கைவேலை.

அவர் வெளியே வந்து வளைவுக்காரரின் முன் நின்றார். கோபப்படவில்லை. “அண்ணே,” என்று மட்டும் சொன்னார்.

வளைவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்பப்ப ரெண்டு பிடி யூரியாதான் போட்டேன். ரோட்டுப் பக்கம் மட்டும். பஸ்லேர்ந்து தெரியற வரைக்கும்.”

அவர் மனைவி வெடுக்கென்று திரும்பினார். “நீங்களுமா?”

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயனில்லை, நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள். ஆட்டுப்பட்டி கழுவின தண்ணீரைத் தினமும் எங்காவது ஊற்றித்தான் ஆக வேண்டும், வீட்டுப் பக்க வரிசைகளில் ஊற்றினால் என்ன என்று தோன்றியதாக, பிறகு அவரே ஒப்புக்கொண்டார். கணவருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று அவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஊற்றியிருக்கிறார். கணவரும் மனைவிக்குப் பயந்து அதே மாதிரி நேரம் பார்த்திருக்கிறார்.

இதற்குள் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. நிலைய ஜீப்பின் டிரைவர்.

“மேடம், விதைச்ச அன்னிக்கு வாளியில உங்க மருந்து கொஞ்சம் மீதி இருந்துச்சு. நீங்க டேப்பு புடிச்சு அளந்துக்கிட்டு இருந்தீங்க. இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததைத் தரையில கொட்ட மனசு வரல. இந்தப் பாத்திக்குத்தான் ஒண்ணுமே இல்லையேன்னு இந்த ஓரத்துல ஊத்திட்டேன்.”

இப்போது இயக்குநர் அடக்கிப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். அதன் பிறகு, இந்தப் பருவத்தைக் குழு கணக்கில் எடுக்க முடியாது என்றார். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சிரிப்பு நின்றுவிட்டது.

வளைவுக்காரரின் மனைவிதான் முதலில் பேசினார். “ஒரு பாத்தியைக் காயப் போட்டு என்ன தெரியப் போகுது டாக்டரம்மா? அதை முதல்ல சொல்லுங்க.”

மண்ணு டாக்டர் நடுவில் மஞ்சளாக நின்ற பயிரைக் காட்டினார். “உங்க மண்ணு தானா எவ்வளவு குடுக்குதுன்னு அதுதான் அக்கா சொல்லும். அது தெரியலேன்னா, மூணாவது பாத்தி விளைஞ்சது என் மருந்தாலயா உங்க மண்ணாலயான்னு எனக்கே தெரியாது. தெரியாமலே வித்தா நான் உங்களை ஏமாத்தற மாதிரி.”

“இதை ஜூன் மாசமே சொல்லியிருக்கக் கூடாதா? போடாதே போடாதேன்னுதானே சொன்னீங்க. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.”

மண்ணு டாக்டர் யோசித்துப் பார்த்தார். சொன்னதே இல்லை. அளவுகோல், கண்ட்ரோல் பாத்தி என்று தனக்குப் பழகின சொற்களை நிலையத்தில் பேசியதோடு சரி.

வளைவுக்காரரின் மனைவி அதோடு நிற்கவில்லை, நேராக இயக்குநரிடம் போனார். தப்பு எங்களுடையது, தண்டனை மட்டும் இந்தப் பொண்ணுக்கா, இன்னொரு பருவம் கொடுத்தால் உங்கள் சொத்தா குறைந்துவிடும் என்று கேட்டார். வரப்பில் இருந்த விவசாயிகளும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இயக்குநர் குழுவைப் பார்த்தார், குழு செருப்பைப் பார்த்தது. கடைசியில் ஒரு பருவம் தருவதாகச் சொன்னார். ஆனால் பட்டினிப் பாத்தி பட்டினியாகவே இருக்கும் என்று யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

“என் தம்பி ஏத்துக்குவான்,” என்றார் வளைவுக்காரரின் மனைவி. “அடுத்தவங்க பயிர் வாடினா அவனுக்குத் தூக்கமே நல்லா வரும்.”

மச்சினருக்கு முகம் செத்தது. சுற்றிலும் கைதட்டல் எழுந்ததால் மறுக்கவும் வழியில்லை.

அடுத்த பருவத்தில் மண்ணு டாக்டர் விதைக்கும் முன்பே அதே நாற்பது பேரை உட்கார வைத்து, நான்கு பாத்திகளும் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சாலைப் பக்கம் நெருக்கமாகத் தீவனச் சோளம் போட்டு உயரமாக வளர்த்தார்கள். பேருந்திலிருந்து எதுவும் தெரியவில்லை. டிரைவர் வாளியை நிலையத்துக்கே கொண்டுபோய்க் கழுவினார். மச்சினர் காவலை மிகையான விசுவாசத்தோடு செய்தார். ஒரு நாள் அக்கா வாளியோடு வரப்பில் வந்தபோது வழி மறித்து, அது குடிதண்ணீர்தான் என்பதற்கு ஒரு டம்ளர் குடித்துக் காட்டச் சொன்னார். அக்கா குடித்துவிட்டு மிச்சத்தை அவர் தலையில் ஊற்றினார். இன்னொரு நாள் மாமாவின் துணிப்பையைச் சோதித்து அதில் மதியச் சாப்பாட்டைக் கண்டுபிடித்தார், பாதியைச் சாப்பிட்டும்விட்டார்.

அந்தப் பருவத்து அறுவடையில் பட்டினிப் பாத்தி மற்ற மூன்றையும்விட மிகக் குறைவாக விளைந்தது. மூன்றாம் பாத்தி முதல் பாத்திக்குச் சற்றே குறைவு, இரண்டாவதைவிட நன்றாகவே அதிகம். குழு பிப்ரவரியில் கூடிப் பரிந்துரையை ஏற்றது. மண்ணு டாக்டர் அதே பிரிவில் தொடர்ந்தார். வரப்பில் நின்ற நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் முதல் வாரத்திலேயே கலவை வாங்கிப் போனார்கள்.